பேரை வெட்டாதே

ரெப்பா, கெமெஞ்சே, கிம்மாஸ் என்று நெகிரி செம்பிலானின் தம்பின் மாவட்டத்துத் தோட்டங்களில் வேர் உள்ள பிள்ளைகளே, உங்களிடம்தான் பேசுகிறேன். இன்று நீங்கள் பல்கலைக்கழகத்தில் புள்ளியியலோ பொருளியலோ பொதுச் சுகாதாரமோ படிக்கிறீர்கள். ஆய்வேடு ஒப்படைக்கும் தேதி நெருங்குகிறது. கையில் இருப்பது நான்கு ஜிபியோ எட்டு ஜிபியோ ரேம் உள்ள மடிக்கணினி; அதுவும் அண்ணன் பயன்படுத்திக் கொடுத்ததாக இருக்கும். எதிரே பல மில்லியன் வரிகள் உள்ள கோப்பு. திறக்கச் சொன்னால் ஆர் மென்பொருள், இத்தனை ஜிபி இடம் ஒதுக்க முடியவில்லை என்று ஒரே வரியில் கையை விரிக்கிறது. மணி இரவு இரண்டு. கை தப்புக் காரியம் செய்வது இந்த நேரத்தில்தான். முதல் ஐந்து லட்சம் வரியை வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டிவிடலாம், யார் பார்க்கப் போகிறார்கள் என்று தோன்றும்.

செய்யாதீர்கள். ரேம் பற்றாதது உங்கள் குற்றமில்லை. பற்றாததை மறைத்து, அரைக் கோப்பில் வந்த விடையை முழு நாட்டின் விடையாக எழுதினால் அது உங்கள் குற்றம்தான்.

அந்த வரிகள் யார் என்று முதலில் பாருங்கள். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஐபம்ஸ் தொகுப்பில் 1970, 1980, 1991, 2000 ஆகிய நான்கு மலேசிய மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளின் மாதிரிகள் இருக்கின்றன. ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டு பேர் என்ற விகிதத்தில் எடுத்தவை. அப்படியானால் ஒரு வரி சுமார் ஐம்பது பேருக்காக நிற்கிறது. ஒரு வரியை நீக்கினால் ஒரு லயத்தையே நீக்கியதாகும். பால் மரம் போய்ச் செம்பனை வந்ததும், தோட்டத்தில் வேலை குறைந்து பிள்ளைகள் சிரம்பானுக்கும் கிள்ளானுக்கும் பிழைக்கப் போனதும் இந்த நான்கு கணக்கெடுப்புகளுக்கு இடையில் நடந்தவை. உங்கள் பாட்டி கூட அதில் ஒரு வரியாக இருக்கலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. மாநில வாரியாக அடுக்கிய கோப்புகள் பெரும்பாலும் ரோமன் அகரவரிசையில்தான் வரும். ஜொகூர், கெடா, கிளந்தான், மலாக்கா, நெகிரி செம்பிலான் என்று போகும். முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டால் நம் மாநிலம் தப்பிவிடும். சிலாங்கூர், கோலாலம்பூர் இரண்டும் வெட்டுப்பட்ட பக்கத்தில் கிடக்கும். நாட்டிலேயே இந்தியர் விழுக்காடு மிகுந்த மாநிலம் நெகிரி செம்பிலான். தலைக்கணக்கில் இந்தியர் மிகுந்தது சிலாங்கூர். ஒன்றை வைத்து மற்றதை வெட்டிவிட்டு "மலேசிய இந்தியர்களின் நிலை" என்று தலைப்புப் போட்டால் அது யாருடைய நிலை?

இப்படியெல்லாம் பெரியவர்கள் செய்ய மாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். ரைன்ஹார்ட், ரோகோஃப் என்ற இரு பொருளியலாளர்கள் 2010-இல் வெளியிட்ட கட்டுரை, அரசாங்கக் கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் தொண்ணூறு விழுக்காட்டைத் தாண்டினால் வளர்ச்சி படுத்துவிடும் என்றது. பல நாடுகளில் சிக்கனத் திட்டங்களுக்கு அதை ஆதாரமாகக் காட்டினார்கள். 2013-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர், வகுப்புப் பாடத்துக்காக அதே கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார். விடை ஒத்துவரவில்லை. எக்ஸெல் தாளில் சராசரி எடுத்த கட்டம் இருபது நாடுகளில் பதினைந்தோடு நின்றிருந்தது. விடுபட்டவை அகரவரிசையின் முதல் ஐந்து: ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க். அந்த ஒரு பிழை மட்டுமே விடையைக் கவிழ்க்கவில்லை, தரவைத் தேர்ந்ததிலும் எடை போட்டதிலும் வேறு குறைகள் இருந்தன என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் கண்டுபிடித்தவர் உங்களைப் போன்ற ஒரு மாணவர். அதை மறக்காதீர்கள்.

இடப் பற்றாக்குறையே ஆளை விழுங்கிய கதை இங்கிலாந்தில் நடந்தது. 2020 செப்டம்பர் இறுதியில், ஆய்வுக்கூடங்கள் அனுப்பிய கோவிட் முடிவுகளை அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை பழைய வகை எக்ஸெல் கோப்பில் ஏற்றியது. அந்த வகைத் தாளில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை. மிச்சம் சத்தமில்லாமல் கீழே விழுந்தது. 15,841 நோயாளிகள் அன்றாடக் கணக்கில் வராமல் போனார்கள். நோய் இருப்பது அவர்களுக்குச் சொல்லப்பட்டது. அவர்கள் யாரோடு பழகினார்கள் என்று தேட வேண்டியவர்களுக்குத்தான் பெயர்கள் போய்ச் சேரவில்லை. இன்றைய எக்ஸெல் 1,048,576 வரிகள் வரை தாங்கும். அதற்கு மேல் போனால் இன்றும் வெட்டத்தான் செய்யும். ஒரு எச்சரிக்கை எட்டிப் பார்க்கும். நாம் ஓகே அழுத்திவிடுவோம்.

சரி, சின்ன கம்ப்யூட்டரில் பெரிய கோப்பை எப்படித்தான் கையாள்வது? வழி இருக்கிறது. கொஞ்சம் பொறுமையும் ஒரு கூட்டல் பெருக்கலும் போதும்.

திறப்பதற்கு முன் பெருக்கிப் பாருங்கள். பத்து மில்லியன் வரி, இருபது பத்தி, ஒவ்வொரு எண்ணுக்கும் எட்டு பைட் என்றால் 1.6 ஜிபி. ஆரும் ஸ்டேட்டாவும் முழுக் கோப்பையும் ரேமில் ஏற்றி வைத்துக்கொண்டு வேலை செய்யும் மென்பொருள்கள். சாஸ் அப்படியில்லை, வட்டிலிருந்து வரி வரியாகப் படிக்கும். ஆனால் அதன் விலையைக் கேட்டால் நமக்கு மயக்கம் வரும். ஆர் ஒரு மாற்றம் செய்யும்போது பல வேளைகளில் முழு நகல் எடுத்துக்கொண்டுதான் மாற்றும். எனவே 1.6 ஜிபி என்பது நடைமுறையில் மூன்று, நான்கு ஜிபி ஆகிவிடும். உங்கள் கேள்விக்கு நான்கு பத்திதான் தேவை என்றால் நான்கை மட்டும் படியுங்கள். 1.6 ஜிபி 320 எம்பியாக இறங்கிவிடும். பத்தியைக் குறைப்பதில் பாவமில்லை. வரியைக் குறைக்கும்போதுதான் ஆள் போகிறது.

நம் ஊருக்கே பொருந்தும் ஒரு தரவைச் சொல்கிறேன். உள்நாட்டு வாணிபம், வாழ்க்கைச் செலவின அமைச்சு கடைகடையாக எடுக்கும் பொருள் விலைகள் பிரைஸ்கேட்சர் என்ற பெயரில் அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளத்தில் மாதத்துக்கு ஒரு கோப்பாக வருகின்றன. பத்திகள் நான்குதான்: தேதி, கடைக் குறியீடு, பொருள் குறியீடு, விலை. ஆனால் ஓராண்டை ஒன்றாக ஒட்டினால் எக்ஸெல் தாளில் அடங்காது. தம்பினில் கோழி விலை எப்படி ஏறியது என்று பார்க்க நினைக்கும் பிள்ளை பன்னிரண்டு மாதத்தையும் ஏற்றிக் கம்ப்யூட்டரைத் திணறடித்துவிட்டு, கடைசியில் இரண்டு மாதத்தோடு நிறுத்திக்கொள்ளும். இப்படிச் செய்து பாருங்கள். கடைகளின் பட்டியல் தனிக் கோப்பாக இருக்கிறது, மிகச் சிறியது. அதை முதலில் திறந்து, உங்கள் மாவட்டத்துக் கடைக் குறியீடுகளைப் பொறுக்கிக்கொள்ளுங்கள். பிறகு பெரிய கோப்பில் அந்தக் குறியீடுகள் உள்ள வரிகளை மட்டும் கேளுங்கள். கோப்பை பார்க்கே வடிவத்தில் எடுத்திருந்தால், ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் உருவாக்கி இலவசமாகத் தரும் டக்டிபி என்ற மென்பொருள் அதை வட்டில் வைத்தபடியே சலித்து, வேண்டிய வரிகளை மட்டும் ரேமுக்குக் கொண்டுவரும். பத்தியும் குறையும், வரியும் குறையும், உங்கள் கேள்விக்கு உரிய ஒரு கடைகூட விடுபடாது. இரண்டு மாதத்தோடு நிறுத்த வேண்டிய தேவையே வராது.

இடத்தை மிச்சப்படுத்த இன்னொரு வழி, எதை எந்த வகையில் சேமிக்கிறோம் என்று கவனிப்பது. ஸ்டேட்டாவில் மாநிலப் பெயரை எழுத்தாக வைத்தால், மிக நீளமான பெயர் எதுவோ அதன் அகலம்தான் எல்லா வரிக்கும். கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசத்தின் பெயர் ரோமன் எழுத்தில் 17 இடம் கேட்டால், ஜொகூர் என்ற ஐந்தெழுத்துக்கும் 17 பைட் போகும். பத்து மில்லியன் வரிக்கு 170 எம்பி. மாநிலங்களுக்கு எண் கொடுத்து ஒரு பைட்டில் வைத்தால் 10 எம்பி. ஸ்டேட்டாவின் கம்பிரஸ் கட்டளை இப்படி எண்களைச் சுருக்கும்போது எதையும் இழக்காது. தைரியமாகப் போடலாம்.

ஆனால் எல்லாச் சுருக்கமும் அப்படி இல்லை. இங்கே கொஞ்சம் நின்று கேளுங்கள், ஆபத்து இங்கேதான். ஒரு சேவை அமைப்போ கிளினிக்கோ கூட்டுறவுச் சங்கமோ கொடுக்கும் பட்டியலில் ஐசி எண் இருக்கும். பன்னிரண்டு இலக்கம்: முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், கடைசி நான்கு வரிசை எண். இடத்தைச் சுருக்குகிறேன் என்று அதை ஃபுளோட் வகையில் போட்டால் தொலைந்தது. ஸ்டேட்டாவில் நீங்கள் எதுவும் சொல்லாமல் புதிய மாறி உருவாக்கினால் அது ஃபுளோட்டாகத்தான் பிறக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஃபுளோட் நான்கு பைட். 16,777,216 வரைதான் முழு எண்களை ஒன்று விடாமல் பிடித்துவைக்கும். அதற்கு மேல் தாவித் தாவித்தான் போகும். 1960 முதல் 1999 வரை பிறந்தவர்களின் ஐசி எண்கள் இருக்கும் உயரத்தில் ஒரு தாவல் 65,536. ஒரே நாளில் ஒரே மாநிலக் குறியீட்டில் பிறந்தவர்களின் எண்களோ தங்களுக்குள் பத்தாயிரம்கூட வேறுபடாது. அத்தனை பேரும் ஒரே எண்ணாகவோ, மிஞ்சிப்போனால் இரண்டு எண்ணாகவோ சுருங்கிவிடுவார்கள். மலாக்காவின் குறியீடு 04, நெகிரியின் குறியீடு 05. இரண்டும் பக்கத்துப் பக்கத்து எண் என்பதால் அவையும் ஒன்றோடொன்று கலந்துவிடும். (தம்பின் ரயில் நிலையமே எல்லைக்கு அந்தப் பக்கம் மலாக்காவின் பூலாவ் செபாங்கில்தான் இருக்கிறது என்பதால், எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது புதிதில்லை என்று சிரித்துக்கொள்ளலாம்.) சிரிப்பு அடுத்த கட்டளையில் போய்விடும். இரட்டைப் பதிவுகளை நீக்கு என்பீர்கள். உயிரோடு இருக்கும் தனித்தனி மனிதர்களை, ஒரே ஆள் இரண்டு முறை வந்ததாக எண்ணி, மென்பொருள் அழித்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது.

ஐசி எண்ணை எழுத்தாகவே வையுங்கள். 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களின் எண் பூஜ்யத்தில் தொடங்கும். எண்ணாகப் படித்தால் அந்தப் பூஜ்யமும் உதிர்ந்துவிடும். இன்னும் நல்லது, ஒவ்வொருவருக்கும் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை எண் கொடுத்துவிட்டு, ஐசி எண் உள்ள கோப்பைத் தனியாகப் பூட்டி வைப்பது. இடமும் மிச்சம், மானமும் மிச்சம்.

முழுக் கோப்பும் வேண்டும், ரேமும் இல்லை என்றால் துண்டு துண்டாகப் படியுங்கள். தோட்டத்துக் கிராணி செக்ரோல் பதிவேட்டை எழுதியது எப்படி? ஒரு பக்கம் நிரம்பியதும் கீழே மொத்தம் போடுவார். அடுத்த பக்கத்தின் தலையில் "கொண்டுவந்த தொகை" என்று அதை எழுதித் தொடர்வார். முந்தைய பக்கத்துப் பெயர்கள் அத்தனையும் அவர் தலையில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. கம்ப்யூட்டருக்கும் அதுவே போதும். ஆனால் கிராணி கொண்டுபோனது மொத்தத்தை, சராசரியை இல்லை. இங்கேதான் பிள்ளைகள் வழுக்குகிறார்கள். ஒரு துண்டில் நான்கு விலைகள், சராசரி பத்து வெள்ளி. இன்னொன்றில் நானூறு விலைகள், சராசரி ஒன்பது வெள்ளி. இரண்டு சராசரியையும் கூட்டி வகுத்தால் ஒன்பதரை வெள்ளி. உண்மையான சராசரி ஒன்பது வெள்ளி ஒரு காசு. எனவே கூட்டுத்தொகை, எண்ணிக்கை, வர்க்கங்களின் கூட்டுத்தொகை என்று கொண்டுபோங்கள். சராசரியும் பரவலும் கடைசியில் கிடைக்கும். எண்கள் மிகப் பெரிதாக இருந்தால் வர்க்கக் கூட்டலில் துல்லியம் கசியும். 1962-இல் வெல்ஃபர்ட் சொன்ன முறையில் வரி வரியாகத் திருத்திக்கொண்டே போவது மேல். பின்னடைவுக் கணக்குக்கும் இதேபோல வழி உண்டு. இருபது மாறிகள் என்றால் கையில் வைக்க வேண்டியது 21-க்கு 21 அட்டவணை ஒன்றும் இன்னும் சில எண்களும்தான், வரிகள் எத்தனை மில்லியனாக இருந்தாலும். ஆரில் தாமஸ் லம்லியின் பிக்எல்எம் தொகுப்பு இந்தத் தத்துவத்தில்தான் வேலை செய்கிறது. இடைநிலை மட்டும் இப்படிச் சேராது. துண்டுகளின் இடைநிலைகளைச் சராசரி எடுத்து வருமான இடைநிலை என்று எழுதாதீர்கள். வருமானப் பத்தியை மட்டும் தனியாக ஏற்றி எடுங்கள், ஒரு பத்திக்கு இடம் இருக்கும்.

மாதிரி எடுப்பது வெட்கமான காரியமில்லை. ரேம் என்ற சொல்லே இல்லாத நாளில், 1931-இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய மகலநோபிஸ், வங்காளத்துச் சணல் விளைச்சலையே மாதிரி நிலங்களை வைத்து மதிப்பிட்டார். 1950-இல் தொடங்கிய இந்தியாவின் தேசிய மாதிரி ஆய்வும் அந்த வழியில் வந்ததே. ஆனால் கோப்பின் தலையை வெட்டி எடுப்பது மாதிரி ஆகாது. சீட்டுக் குலுக்கியது போல எல்லா இடத்திலிருந்தும் எடுத்தால்தான் மாதிரி. அப்போதும் எச்சரிக்கை வேண்டும்: நாட்டு மக்களில் இந்தியர் நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை. அதில் ஒரு மாவட்டம், அதில் தோட்டத்தில் இருப்பவர் என்று இறங்கினால், நூற்றுக்கு ஒரு வரி எடுத்த மாதிரியில் உங்கள் ஆட்கள் விரல்விட்டு எண்ணும்படி ஆகிவிடுவார்கள். சிறு கூட்டத்தை முழுதாக எடுங்கள், பெரிய கூட்டத்திலிருந்து கொஞ்சம் எடுங்கள், கணக்கிடும்போது எடையால் சரிசெய்யுங்கள். குலுக்கலுக்குக் கொடுத்த தொடக்க எண்ணையும் எழுதி வையுங்கள்; இன்னொருவர் அதே சீட்டுகளைத் திரும்ப எடுத்துப் பார்க்க முடிய வேண்டும்.

காலிக் கட்டம் உள்ள வரிகளை ஒரேயடியாகத் தூக்கிவிட்டால் கோப்பு சிறுத்துவிடும் என்று ஓர் ஆசை வரும். ஆர் பின்னடைவு போடும்போது நம்மைக் கேட்காமலேயே அப்படித் தூக்கிவிடுகிறது. இத்தனை வரி விடப்பட்டது என்று கீழே சின்னதாக ஒரு குறிப்பு மட்டும் போடும். காலிக் கட்டம் சும்மா வருவதில்லை. 2011-இல் மைடஃப்தார் என்ற பெயரில், பிறப்புப் பத்திரமோ அடையாள அட்டையோ இல்லாத இந்தியர்களைப் பதிய இந்த நாட்டில் ஓர் இயக்கமே நடத்த வேண்டியிருந்தது. ஐசி எண் இல்லாத வரி பெரும்பாலும் ஏழையின் வரி. அதைத் தூக்கிய பிறகு கிடைக்கும் வருமானச் சராசரி பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

கடைசியாக ஒரு தப்பு வழி இருக்கிறது, இது அவசரத்தில் எல்லாரையும் இழுக்கும். "என் கம்ப்யூட்டர் பற்றாது, கூகல் கோலாபில் ஏற்றிவிடுகிறேன்" என்பது. பிரைஸ்கேட்சர் போன்ற பொதுத் தரவு என்றால் தாராளமாக ஏற்றுங்கள். நோயாளி பட்டியல், வீட்டு வருமான விவரம், சங்க உறுப்பினர் விவரம் என்றால் கொடுத்தவரைக் கேட்காமல் ஒரு வரிகூட வெளியே போகக் கூடாது. 1965-ஆம் ஆண்டுப் புள்ளிவிவரச் சட்டம், 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இரண்டும் இருக்கின்றன. (இரண்டாவது சட்டம் அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தாது என்பது வேறு வருத்தம்.) பெயரை நீக்கிவிட்டேன் என்பது போதாது. அமெரிக்காவில் பிறந்த தேதி, பால், அஞ்சல் குறியீடு மூன்றை மட்டும் வைத்து நூற்றுக்கு 87 பேரைத் தனித்து அடையாளம் காண முடியும் என்று லட்டான்யா ஸ்வீனி கணக்கிட்டார். நம் ஐசி எண்ணோ தேதியையும் பிறந்த இடத்தையும் சொல்லி, கடைசி இலக்கம் ஒற்றையா இரட்டையா என்பதில் ஆணா பெண்ணா என்பதையும் சொல்லிவிடுகிறது. ஒரு தோட்டத்தில் தொண்ணூறு வயதுப் பாட்டி எத்தனை பேர் இருப்பார்கள்? பெயர் எதற்கு?

வளாகத்து ஆய்வுக்கூடத்தில் பெரிய கம்ப்யூட்டர் இருந்தால் போய்க் கேளுங்கள். கேட்கக் கூச்சப்படுவது நம் தோட்டத்துப் பிள்ளைகளிடம் நான் அதிகம் பார்த்த பழக்கம். மற்ற பிள்ளைகள் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். மேற்பார்வையாளர் "இவ்வளவு விவரம் எதற்கு, சுருக்கமாகப் போடு" என்று சொன்னாலும், கோப்பில் எத்தனை வரி வந்தது, எத்தனை வரி பயன்பட்டது, இடையில் போனவை ஏன் போயின என்ற மூன்றையும் ஆய்வு முறை அதிகாரத்தில் எழுதிவிடுங்கள். மாநில வாரியாக ஒன்று, இன வாரியாக ஒன்று என்று முன்னும் பின்னும் எண்ணிக்கை அட்டவணை போடுங்கள். பின்னிணைப்பில் இரண்டு பக்கம்தான் ஆகும். நேற்றே வெட்டிவிட்டவர்களும் இருப்பீர்கள். மூலக் கோப்பு இன்னும் அதே தளத்தில்தான் கிடக்கிறது. இன்றிரவே அதைத் திரும்ப இறக்கி, நான்கு பத்தியோடு முதலிலிருந்து தொடங்குங்கள். தேதி தள்ளிப்போகும் என்றால் ஒரு வாரம் அவகாசம் கேட்டுக் கடிதம் எழுதுங்கள். காரணத்தையும் உள்ளபடியே எழுதுங்கள்.